ஐவிட்னஸ் என்றொரு பெயர்

திண்டிவனம்
3.6.2024

மேரி அக்காவுக்கு,

மலர்விழி எழுதுகிறேன். நேற்று உங்கள் வீட்டு வாசல் வரை வந்தேன். சவரி அண்ணன் கதவைப் பாதி திறந்து, "அவ இல்லம்மா, கோயிலுக்குப் போயிருக்கா" என்றார். உங்கள் செருப்பு வாசலில் கிடந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது, யாரோ அடுப்பை அணைத்தார்கள். நான் திரும்பிவிட்டேன்.

உங்கள் போன் எண் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. அதனால்தான் கடிதம். உங்களோடு ஓட்டலில் வேலை செய்கிற பொன்னியின் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். அவள் கொண்டுவந்து கொடுப்பாள்.

என் வீட்டுக்காரர் போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. கேஸ் இப்போதுதான் விசாரணைக்கு வருகிறது. ஆகஸ்டில் விழுப்புரம் கோர்ட்டில் சாட்சிகளைக் கூப்பிடுவார்களாம். ஓட்டல் மேனேஜர் கிருஷ்ணசாமி தரப்பில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? புகழேந்தியை யாரும் செப்டிக் டேங்கில் இறங்கச் சொல்லவில்லையாம். அவருடைய செல்போன் உள்ளே விழுந்துவிட்டதாம், அதை எடுக்க அவராகவே இறங்கினாராம். போனையும் டேங்கிலிருந்து எடுத்ததாகக் காட்டியிருக்கிறார்கள்.

நமக்கு உதவி செய்கிற வக்கீல் பிரபாவதி மேடம் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "சாட்சிங்க நெறைய பேர் இருக்காங்க மலர். ஆனா ஐவிட்னஸ் ஒரே ஆளுதான். அந்தம்மா பேசலன்னா கேஸ் நிக்காது."

அந்த ஒரே ஆள் நீங்கள். அவர் இறங்கும்போது நீங்கள் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தீர்கள். போலீஸிலும் சொல்லியிருக்கிறீர்கள். கோர்ட்டில் அதையே சொன்னால் போதும் அக்கா. வருவீர்களா?

மலர்


மரியே வாழ்க

விழுப்புரம்
12.6.2024

அன்பு மலருக்கு,

செருப்பைப் பார்த்திருப்பாய் என்றுதான் நினைத்தேன். நீ தெருமுனை திரும்பும் வரை ஜன்னல் ஓரம் நின்றிருந்தேன். ரொம்ப இளைத்துவிட்டாய். தையல் கம்பெனியில் மதியச் சாப்பாடு தருகிறார்களா? அம்சா அத்தை எப்படி இருக்கிறார்கள்?

வீட்டுக்கு வராதே மலர். போனும் வேண்டாம். சிம்மை மாற்றியது எங்கள் வீட்டுக்காரர்தான். யார் யாரோ போன் செய்து பேசாமல் வைத்துவிடுகிறார்கள். ஓட்டலில் என் போனை வாங்கிப் பார்க்கிறார்கள். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டே வாங்குகிறார்கள். கிருஷ்ணசாமி சார் இதுவரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "பொண்ணு நல்லா படிக்கிறாளாம்மா? ஸ்கூலுக்கு எந்த வழியா போறா?" என்று விசாரிக்கிறார். அவர் திட்டினால்கூட எனக்கு இவ்வளவு பயம் வராது.

என் பெயரே மாறிவிட்டது. காலையில் உள்ளே நுழைந்தால் மாஸ்டர் சின்னதுரை, "ஐவிட்னஸ் வந்துட்டாங்க, எல்லாம் பாத்துப் பேசுங்க" என்கிறார். சர்க்கரை டப்பாவைக் காணவில்லை என்றால், "ஐவிட்னஸக் கேளு, அவங்க கண்ணுக்குத் தப்புமா" என்று சிரிக்கிறார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் இவரை ஐவிட்னஸ் வூட்டுக்காரர் என்கிறார்களாம். அதிலிருந்து இவர் ஸ்டாண்டில் டீ குடிப்பதில்லை.

நேற்று பிள்ளை வெனிலாவின் வகுப்பில் டீச்சர் இரண்டு இங்கிலீஷ் சொல் சேர்ந்து ஒரு சொல் ஆவதைப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். கிளாஸ்ரூம், டூத்பிரஷ், ஆளுக்கு ஒன்று சொல்லவேண்டும். பின்னாலிருந்து ஒரு பெண், "வெனிலாவுக்கு ஐவிட்னஸ்னு ஒண்ணு தெரியும் மிஸ்" என்றாளாம். பிள்ளை வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றவில்லை. "ஐன்னா கண்ணு, விட்னஸ்னா சாட்சி. கண்ணால பாத்து சாட்சி சொல்றவங்க. இதுல இன்னாம்மா அசிங்கம் இருக்குது?" என்று கேட்டாள். நான் தட்டில் சோற்றைப் போட்டேன்.

உன் கல்யாணத்தில் ரிஜிஸ்டர் ஆபீசில் நான்தானே சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்குக் கை நடுங்கவில்லை. ஆனால் எங்கள் கோயிலில் வேதசாட்சி என்று ஒரு வார்த்தை உண்டு, வேதத்துக்காக உயிரைக் கொடுத்தவர். உடம்பெல்லாம் அம்பு தைத்து நிற்கிறாரே செபஸ்தியார், அவர் மாதிரி. சாட்சி என்றாலே இப்போது எனக்கு அந்தச் சுரூபம்தான் கண்ணில் வருகிறது.

நான் என்னத்தைப் பார்த்தேன் மலர்? காதில் விழுந்ததுதான் அதிகம். யோசிக்க யோசிக்க எல்லாம் கலங்குகிறது. இனி எழுதாதே. படித்ததும் கிழித்துவிடு.

மேரி


திண்டிவனம்
20.6.2024

அக்கா,

கிழிக்கவில்லை.

நீங்கள் எழுதாதே என்றாலும் எழுதுவேன். பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வயசுக்கு வந்த பிள்ளை இருக்கிறாள். ஆனால் ஒன்று கேட்கிறேன். கலங்குகிறது என்றால் என்ன அர்த்தம்? பார்க்கவில்லை என்று சொல்லப்போகிறீர்களா?

அத்தையைக் கேட்டீர்கள். மகன் போட்டோவுக்குப் பூ வைப்பதை நிறுத்திவிட்டார்கள். "ஒரு போனுக்காக எவனாவது அந்தக் குழியில எறங்குவானா? எறங்கனானே, அவனை இன்னா சொல்றது" என்று பக்கத்து வீட்டில் சொல்லி அழுகிறார்கள். ஓட்டல்காரர்கள் சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டு அத்தையும் நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். என்னிடம் நேராகப் பேசுவதில்லை. அந்தப் போனை வாங்கிக் கொடுத்தது நான்.

ஐவிட்னஸ் என்று உங்களைக் கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். என்னைத் தையல் கம்பெனியில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

மலர்


மரியே வாழ்க

விழுப்புரம்
9.7.2024

மலருக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் இவர் வந்துவிடுகிறார். இப்போது இவர் சவாரிக்குப் போயிருக்கிறார்.

முந்தாநாள் கிருஷ்ணசாமி சார் காரில் என்னையும் இவரையும் அவர்களுடைய வக்கீலிடம் அழைத்துப்போனார்கள். வயசானவர், மரியாதையாகப் பேசினார். ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்.

"ஐவிட்னஸ்னா இன்னான்னு தெரியுமாம்மா?"

"கண்ணால பாத்தவங்க சார்."

"மொதல்லருந்து கடைசி வரைக்கும் கண்ண எடுக்காம பாத்தவங்க. நீ அப்பிடிப் பாத்தியா?"

நான் யோசித்தேன். "நடுவுல குழாய மூடத் திரும்பனேன் சார்" என்றேன்.

"பாத்தியா. அப்போ நீ ஐவிட்னஸே இல்லம்மா. போலீஸ்காரன் எழுதிட்டான், அவ்ளோதான். கோர்ட்ல 'நான் வேலையா இருந்தேன், சரியா பாக்கல'ன்னு சொல்லு. அது பொய்யும் இல்ல, பாவமும் இல்ல."

இவர் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும், "உட்டுது பேஜாரு" என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது மலர். எனக்கும் நெஞ்சிலிருந்து கல்லை இறக்கியது போலத்தான் இருந்தது. மாசக்கணக்கில் தூங்காதவள் அன்றைக்கு அசந்து தூங்கினேன். வெனிலாதான் எழுப்பினாள்.

அதனால் அப்படித்தான் சொல்லலாம் என்றிருக்கிறேன். நான் ஐவிட்னஸ் இல்லையாம். நீ என்னை நம்பிக் காத்திருக்காதே. உன் மேடத்திடமும் சொல்லிவிடு. என்னைச் சபிக்காதே.

மேரி


திண்டிவனம்
16.7.2024

அக்கா,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபமாக ஒன்று எழுதி அதைக் கிழித்துவிட்டேன். உங்கள் கடிதத்தைக் கிழிக்காதவள் என் கடிதத்தைக் கிழித்தேன்.

மேடத்திடம் போனேன். அந்த வக்கீல் சொன்னதைச் சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை. "மேட்ச் பாக்கறவங்க நடுவுல எழுந்து தண்ணி குடிச்சா, மேட்சே பாக்கலன்னு ஆயிடுமா? பாத்த வரைக்கும் சொன்னா போதும் மலர். பாக்காதத சேத்துச் சொல்லாம இருந்தாப் போதும். அதுதான் ஐவிட்னஸ்" என்றார். உங்களை வற்புறுத்தக் கூடாது என்றும் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை. கோர்ட்டுக்கு வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு, பொங்கல் முடிந்து கூட்டமெல்லாம் சென்னைக்குத் திரும்புகிற அந்த நாளில், மத்தியானம் நான் அவருக்குப் போன் போட்டேன். காலையில் ஒரு சின்னச் சண்டை. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகலாம் என்றேன், லீவு கிடையாது என்று கத்திவிட்டுப் போனார். மனசு கேட்காமல் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை.

அவர்கள் போன் உள்ளே விழுந்தது என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. நான் கூப்பிட்டதால்தான் அவர் பாக்கெட்டிலிருந்து எடுத்தாரா? எடுக்கும்போதுதான் கை தவறியதா? மிஷினில் உட்கார்ந்து தைக்கும்போது பக்கத்தில் யாருக்காவது போன் அடித்தால் ஊசியில் விரலைக் கொடுத்துவிடுகிறேன்.

கோர்ட்டுக்கு வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லுங்கள். போன் எப்படி விழுந்தது?

மலர்


மரியே வாழ்க

விழுப்புரம்
22.7.2024

என் கண்ணு மலர்,

போன் உள்ளே விழவே இல்லை. அது என் கையில் இருந்தது.

இவ்வளவு நாளாக இதை நீ சுமந்துகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் போனைச் சொல்லித்தான் கேஸை நடத்துகிறார்கள் என்பதே உன் முதல் கடிதத்தில்தான் தெரிந்தது. அப்போதே எழுதியிருப்பேன், கை வரவில்லை. இனி ஒழுங்காகச் சொல்கிறேன். மேடம் சொன்னாரே, அதுபோலப் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

காலையிலிருந்தே பின்கட்டில் தண்ணீர் போகவில்லை. வாசலில் பஸ் வரிசையாக நிற்கிறது. பாத்ரூமெல்லாம் பொங்கி வெளியே வந்துவிட்டது. கிருஷ்ணசாமி சார் கழிவுநீர் லாரிக்குப் போன் போட்டார். நாளைக்குத்தான் வருவோம் என்றார்கள் போல. சார், பார்க்கிங்கில் விசில் ஊதிக்கொண்டிருந்த புகழேந்தியைக் கூப்பிட்டார். மூடியைத் தள்ளித் திறந்தது இரண்டு பேரும்தான்.

புகழ், "வேணாம் சார், காலையில லாரி வரட்டும்" என்றான்.

"அடைப்ப மட்டும் குத்தி வுட்டுட்டு ஜல்தியா ஏறிக்க. ரெண்டு நிமிஷம். இத்தினி பஸ்ஸு நின்னுக்கினு இருக்குது, நான் இன்னா பதில் சொல்றது?"

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல சார்."

"ஒங்க ஆளுங்களுக்குப் பழக்கம் இல்லன்னா வேற யாருக்குடா பழக்கம்? வேல வேணுமா, வேணாமா?"

இது காதால் கேட்டது. ஆனால் சொன்னவர் வாயையும் பார்த்தேன், நீட்டிய கையையும் பார்த்தேன். நாலு எட்டு தூரம்தான்.

புகழ் சட்டையைக் கழற்றினான். என்னிடம் வந்து சட்டை, விசில், போன் மூன்றையும் கொடுத்தான். "மலரு கூப்டா எடுத்துப் பேசுக்கா. கோவமா இருக்கா. சாயந்திரம் வந்துடறேன்னு சொல்லு" என்றான். சிரித்தான் மலர். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்தான்.

இறங்கினான். கை இரண்டும் விளிம்பைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். அப்போது உன் போன் வந்தது. திரையில் உன் பெயர். குழாய்ச் சத்தத்தில் பேச முடியாதே என்று மூடத் திரும்பினேன். கையெல்லாம் சோப்பு. துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், விளிம்பில் கை இல்லை. உன் போன் மறுபடி அடித்தது. நான் கத்தினேன். சார் குனிந்து பார்த்தார், ஓடி வந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். அடித்துக்கொண்டிருந்த போனை அணைத்து அவர் பாக்கெட்டில் போட்டார். தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து புகழை எடுக்கும்போது நான் அங்கேதான் இருந்தேன். டேங்குக்குள் அந்தப் போன் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. அதை நான் பார்க்கவில்லை.

போலீஸில், யார் இறங்கச் சொன்னது என்றுதான் கேட்டார்கள். போனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது முக்கியம் என்று எனக்கும் தெரியவில்லை.

உன் போனால் ஒன்றும் நடக்கவில்லை. உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினான்.

கோர்ட்டைப் பற்றி எதுவும் கேட்காதே. இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மேரி


திண்டிவனம்
27.7.2024

அக்கா,

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். போன் வரும் இடத்தில் நிறுத்திவிட்டேன். அத்தை, "மேல படிடீ" என்றார்கள். முடித்ததும் எழுந்து போய் மல்லாட்டைக் கடலையை வறுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்கள். "தின்னு. காலையிலருந்து ஒண்ணும் தின்னல" என்றார்கள். ஒன்றரை வருஷத்தில் அன்றைக்குத்தான் என்னிடம் நேராகப் பேசினார்கள்.

ஆகஸ்ட் 27ஆம் தேதிக்கு உங்களுக்குச் சம்மன் வரும் என்று மேடம் சொன்னார். எனக்கு மட்டும் சொன்னால் போதும் என்றுதான் கேட்டேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன். இப்போது போதவில்லை அக்கா. பொய் எழுதினால் பிடித்துவிடுவீர்கள், அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

மலர்


திண்டிவனம்
19.8.2024

அக்கா, பதில் இல்லை. இது இரண்டாவது கடிதம். உங்கள் வீடு பூட்டியிருக்கிறது என்றும், வெனிலா ஸ்கூலுக்கு வரவில்லை என்றும் பொன்னி சொல்கிறாள். ஒரு வரி போதும். உயிரோடு நன்றாக இருக்கிறோம் என்று மட்டும் எழுதுங்கள். கோர்ட்டுக்கு வரமாட்டேன் என்று எழுதினால்கூடப் பரவாயில்லை.

மலர்


திண்டிவனம்
27.8.2024

சூசை மேரி அவர்களுக்கு,

இன்றைக்குக் கோர்ட்டுக்கு வந்திருந்தேன். நானும் சாட்சி என்பதால், வேறொரு நாள் என் முறை வரும் வரை உள்ளே போகக் கூடாதாம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கிருஷ்ணசாமியின் கார் வந்து நின்றது. முன்பக்கம் உங்கள் வீட்டுக்காரர், பின்பக்கம் நீங்களும் வெனிலாவும் இறங்கினீர்கள். புதுப் புடவை. என்னைப் பார்த்தீர்கள், தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

அதற்கு மேல் அங்கே உட்காரத் தெம்பில்லை. பஸ் ஏறிவிட்டேன். போனை அணைத்துவிட்டேன். மேடம் சொல்லப்போவதைக் கேட்க எனக்கு இன்றைக்கு முடியாது.

உங்கள் மேல் கோபமில்லை. நீங்கள் நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டேன், அது போதும். இனி எழுதமாட்டேன்.

மலர்விழி


மரியே வாழ்க

கெடார்
30.8.2024

மலரு,

வெளியே வந்து உன்னைத் தேடினேன். மரத்தடியில் நீ இல்லை. இதற்குள் மேடம் சொல்லியிருப்பார். ஆனாலும் நான் சொல்ல வேண்டும்.

சம்மன் வந்த அன்றே, "உங்க பத்திரத்துக்குத்தான்" என்று எங்களை வளவனூர் பக்கம் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். போன் கிடையாது. வாசலில் எப்போதும் ஒரு ஆள். புடவை அவர்கள் எடுத்துக் கொடுத்தது. வக்கீல் தினமும் வந்து, "நான் வேலையா இருந்தேன், சரியா பாக்கல" என்று சொல்லவைத்தார். காரிலும் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். உன்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்தேனே, அப்போதும் என் வாயில் அதுதான் இருந்தது. முடிவு எடுத்துவிட்டு நான் கூண்டில் ஏறவில்லை. இது உனக்குத் தெரிய வேண்டும்.

அரசு வக்கீல் கேட்டார்: "அன்னைக்கு நீங்க இன்னா பாத்தீங்க?"

வாயைத் திறந்தேன். புகழ் சட்டையைக் கழற்றியது வந்தது. அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்கு அடுத்ததைச் சொன்னேன். அதற்கும் அடுத்தது. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். போன் வரைக்கும் வந்துவிட்டேன்.

பிறகு அந்த வக்கீல் எழுந்தார். ஜூஸ் வாங்கிக் கொடுத்தவர்.

"போன் விஷயத்த போலீஸ்ல ஏன் சொல்லல?"

"கேக்கலீங்க."

"நீங்க குழாய மூடத் திரும்பினீங்க. அவரு வுழுந்தத பாக்கல. அப்போ நீங்க எப்பிடிம்மா ஐவிட்னஸ்?"

"வுழுந்தத நான் பாத்தேன்னு சொல்லவே இல்லீங்களே. எறங்கச் சொன்னதப் பாத்தேன். எறங்கனதப் பாத்தேன். திரும்பி வந்து, கை இல்லாததப் பாத்தேன். போன என் கையிலருந்து புடுங்கனதப் பாத்தேன். அத்த மட்டும்தான் சொன்னேன்."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க இப்பிடிப் பேசறதுக்கு?"

"நீங்க சொல்லிக் குடுத்தது வேறீங்க சார்" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஜட்ஜம்மா தலை நிமிர்ந்து, "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். டைப் அடித்தார்கள்.

வெளியே வந்தால் கார் இல்லை. எங்கள் பை மட்டும் தரையில் கிடந்தது. இவர் கோர்ட் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அங்கே வந்ததும், "அந்தப் போனு உன் கையில அடிச்சிதுன்னு எங்கிட்டகூட சொல்லலியே மேரி" என்றார். "நீங்க சிம்ம மாத்தினீங்க, எதையும் கேக்கல" என்றேன். இவர், "கெடார்ல ராயப்பன் அண்ணன் வூட்டுக்குப் போயிரலாம். இங்க இருக்க வேணாம்" என்றார். வெனிலா பையைத் தூக்கிக்கொண்டாள்.

வேலை போய்விட்டது. மேடம் பாதுகாப்பு கேட்டு மனு கொடுத்திருக்கிறார். தினமும் ஒரு போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். பயம் போகவில்லை மலர். நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். கேஸ் என்ன ஆகும் என்றும் தெரியாது. உன் கடிதத்தைப் பொன்னி இங்கே கொண்டுவந்து கொடுத்தாள். எழுதமாட்டேன் என்றாயே, இதற்காவது எழுது.

மேரி


திண்டிவனம்
6.9.2024

அக்கா,

மறுநாள் போனைத் திறந்ததும் மேடம்தான் சொன்னார். நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் நம்பினேன். போன கடிதத்தில் உங்கள் முழுப் பெயரை எழுதி அவர்கள் என்று போட்டேனே, அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அத்தை உங்களையும் சவரி அண்ணனையும் வெனிலாவையும் ஒருநாள் வரச் சொல்கிறார்கள். இப்போது வேண்டாம், பிறகு கூப்பிடலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

24ஆம் தேதி என்னைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். நான் எதையும் பார்த்தவள் இல்லை. ஆனால் என்னைத்தான் அதிகம் குடைவார்களாம். காலையில் என்ன சண்டை, ஏன் இரண்டு தடவை போன் போட்டாய், அவருக்கு உன்மேல் வெறுப்பா என்றெல்லாம் கேட்பார்களாம். நேற்று மேடம் கேட்டுப் பழக்கும்போதே மாற்றி மாற்றிச் சொன்னேன். உங்களிடம் ரொம்ப சுலபமாக, சொன்னால் போதும் என்று எழுதிவிட்டேன்.

சாட்சி சொல்லி முடித்தவர்கள் உள்ளே வந்து உட்காரலாமா என்று மேடத்திடம் கேட்டேன். உட்காரலாமாம். வரமுடியுமா அக்கா? முன் பெஞ்சு வேண்டாம், கதவோரமாகவே உட்காருங்கள். நான் பேசி முடிக்கும் வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

மலர்